டீலக்ஸ் ரிவெர்ப்புக்கு டியூப் ஸ்க்ரீமர்தான் வேண்டுமா?

ஆறுதந்தி:
ஆம்ப் ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவெர்ப் மறுவெளியீடு. 22 வாட், இரண்டு 6வி6 பவர் வால்வு, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். கிட்டார் ஸ்ட்ராட், சிங்கிள் காயில் பிக்கப். வைப்ராட்டோ சேனலில் வால்யூம் 3, ட்ரெபிள் 6, பாஸ் 5. புளூஸ் லீடுக்குக் கொஞ்சம் கரகரப்பு வேண்டும், மெதுவாக மீட்டினால் தெளிந்துவிடவும் வேண்டும். யாரைக் கேட்டாலும் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் (கரகரப்பு தரும்) பெடலைத்தான் சொல்கிறார்கள். ஒரே ஒரு பெடல்தான் வாங்கப்போகிறேன். எதுவானாலும் காரணத்தோடு சொல்லுங்கள்.

செம்புச்சுருள்:
எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஆம்பில் இருப்பது ஏபி763 என்ற ஃபெண்டர் சர்க்யூட். அதில் நடு அலைகளைக் கூட்டிக் குறைக்கும் மிட் குமிழ் கிடையாது, அந்த இடத்தில் 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. பாஸும் ட்ரெபிளும் நடுவில் இருந்தால் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம் கேட்க இனிமை. டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் லீடு மூழ்கிவிடும். டியூப் ஸ்க்ரீமர் நடுப்பகுதியைத் தூக்கி அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் ஆம்ப்களுக்கு முன்னால் வைத்ததும் இதைத்தான்.

டியூப் ஸ்க்ரீமரில் டிஎஸ்9 மாடலை எடுங்கள். டிரைவ் 9 மணி நிலை, டோன் 12, லெவல் 3 மணி.

ஈயப்பற்று:
வான் வைத்தது உண்மை. ஆனால் அவருடைய ஆம்ப்கள் ஏற்கெனவே உரக்கத் திறந்து, உடைகிற, அதாவது ஒலி கரகரக்கத் தொடங்கும், விளிம்பில் நின்றவை. இங்கே வால்யூம் 3. அந்த நிலையில் டீலக்ஸின் வால்வுகள் நெளியவே நெளியாது. உங்களுக்குக் கேட்கப்போவது பெடலுக்குள் சிக்னலை வெட்டும் டையோடுகளின் கரகரப்பு மட்டும்தான், ஆம்ப் அதை ஒலிபெருக்கி மாதிரி அப்படியே பெருக்கித் தரும். மூக்கடைத்த குரல் என்று பலர் இந்தப் பெடலைக் குறை சொல்வது இப்படிப் பொருத்தும்போதுதான்.

இன்னொன்று. பள்ளம் 400-இல், மேடு எங்கே? டியூப் ஸ்க்ரீமரின் கிளிப்பிங் (கரகரப்பை உண்டாக்கும்) கட்டத்தில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தரைக்கு இறங்குகின்றன. கணக்குப் போட்டால் 720 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பாஸை வெட்டுகிறது. அடுத்து வரும் 1 கிலோஓம், 0.22 மைக்ரோஃபாரட் ஜோடி 723 ஹெர்ட்ஸுக்கு மேலே குறைக்கிறது. ஆக மேடு 720-இல். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் இடையே ஏறக்குறைய முக்கால் ஆக்டேவ் இடைவெளி. 'பள்ளத்தை நிரப்புகிறது' என்பது பாதிதான் சரி.

சுத்தமான ஆம்புக்கு, தானே முழு ஒலியைத் தருகிற பெடல் வேண்டும். பாஸ் கம்பெனியின் புளூஸ் டிரைவர் பிடி-2, அல்லது மார்ஷல் புளூஸ்பிரேக்கர் வகைப் பெடல். இரண்டும் நடுவில் கூனல் போடாது.

செம்புச்சுருள்:
பள்ளம், மேடு கணக்கை ஒப்புக்கொள்கிறேன். 'பாஸை வெட்டுகிறது' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நான்-இன்வெர்ட்டிங் ஓப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) கட்டம். அதன் கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, ஒன்றுக்குக் கீழே இறங்கவே முடியாது. டிரைவ் அடியில் இருக்கும்போது ஃபீட்பேக்கில் 51 கிலோஓம் மட்டும் இருக்கும்: மேல் ஸ்வரங்களுக்கு கெயின் கிட்டத்தட்ட 12 மடங்கு, ஆறாம் தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 1.7 மடங்கு. அதாவது பாஸ் குறையவில்லை, குறைவாக உடைகிறது. தடித்த தந்தியில் கார்டு அடித்தால் கஞ்சியாகக் குழையாமல் இருப்பது இதனால்தான். இந்தச் சர்க்யூட்டின் சிறப்பே இதுதான் என்பேன்.

ஈயப்பற்று:
சரி, 'வெட்டுகிறது' என்பது தவறான சொல். திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் தந்த அதே 12 மடங்கை இன்னும் ஓர் அடி கொண்டுபோங்கள். சிங்கிள் காயிலிலிருந்து 150 மில்லிவோல்ட் வருகிறது என்று வைத்துக்கொண்டால் 12 மடங்கு 1.8 வோல்ட். சிலிக்கான் டையோடு 0.6 வோல்ட்டில் திறந்துவிடும். ஆகவே டிரைவ் அடியில் இருந்தாலும் டையோடுகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. 'டிரைவ் 0, லெவல் 10 வைத்தால் சுத்தமான பூஸ்ட்' என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது சுத்தமான பூஸ்ட் அல்ல. கேட்டவர் மெதுவாக மீட்டினால் தெளிய வேண்டும் என்றார். இந்தப் பெடலில் அது முழுதாக நடக்காது, கிட்டாரின் வால்யூமை 4, 5-க்கு இறக்கினால்தான் நடக்கும்.

பெடலைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியது வேறு: உங்கள் ஆம்பில் சிக்னல் எந்த இடத்தில் உடைகிறது, டோன் குமிழ்கள் அந்த இடத்துக்கு முன்னால் இருக்கின்றனவா, பின்னால் இருக்கின்றனவா?

டீலக்ஸில் முதல் 12ஏஎக்ஸ்7 வால்வு கட்டத்துக்கு அடுத்தபடியே டோன் குமிழ்கள், பிறகு வால்யூம். உடைவது பெரும்பாலும் கடைசியில், ஃபேஸ் இன்வெர்ட்டரும் (பவர் வால்வுகளுக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் கட்டம்) 6வி6 ஜோடியும் இருக்கிற இடத்தில். ஆகவே பாஸ் குமிழை 2-க்கு இறக்கினால், உடையும் இடத்துக்குப் போகும் முன்பே பாஸ் குறைந்துவிடும். டியூப் ஸ்க்ரீமர் தரும் இறுக்கத்தில் பெரும்பகுதியை அந்தக் குமிழே காசில்லாமல் தருகிறது. பள்ளமும் ஆழம் குறையும்.

மார்ஷல் ஜேசிஎம்800 2203-இல் நிலைமை தலைகீழ். அங்கே ப்ரீஆம்பிலேயே உடைகிறது, டோன் குமிழ்கள் அதற்குப் பின்னால். பாஸை எவ்வளவு இறக்கினாலும் குழைவு குழைவாகவே இருக்கும், சத்தத்தின் அளவுதான் மாறும். அந்த ஆம்புக்கு முன்னால் டிஎஸ்9, டிரைவ் அடியில், லெவல் உச்சியில் என்பது பொருள் உள்ள பொருத்தம். அதை அப்படியே டீலக்ஸுக்குத் தூக்கிவருவதுதான் தவறு.

செம்புச்சுருள்:
இந்த விளக்கம் சரியானது, முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் பிடி-2-ஐச் சுத்தமான ஃபெண்டருக்கு முன்னால் வைத்தால் மேலே எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் வரும். டோனை 12 மணியில் வைத்துக் கேட்கவே முடியாது. நடுப்பகுதி பள்ளமாகவே கிடக்கும், லீடு கூட்டத்தில் காணாமல் போகும். அதற்கு என்ன பதில்?

ஈயப்பற்று:
பொரிவதில் பாதிப் பழி பெடலுக்கு, பாதி ஆம்புக்கு. வைப்ராட்டோ சேனலில் வால்யூம் குமிழின் குறுக்கே 47 பிக்கோஃபாரட் பிரைட் கெபாசிட்டர் இருக்கிறது. வால்யூம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு ட்ரெபிளைக் கூடுதலாகக் கடத்தும். வால்யூம் 3-இல் அதன் வேலை பலமாகவே கேட்கும், 6-க்கு மேல் அநேகமாகத் தெரியாது. எந்த ஓவர்டிரைவை வைத்தாலும் இந்தச் சேனலில் 3-இல் கரடுமுரடாக இருக்கும். டியூப் ஸ்க்ரீமர் தப்பிப்பது அது மேல் அலைகளைத் தானே மழுக்கிவிடுவதால்.

மூன்று வழி உண்டு. ஒன்று, நார்மல் சேனலில் செருகுங்கள், அதில் பிரைட் கெபாசிட்டர் இல்லை. ஆனால் ரிவெர்ப்பும் வைப்ராட்டோவும் கிடைக்காது. இரண்டு, பிடி-2-இன் டோனை 9, 10 மணிக்கு இறக்கி, ஆம்பின் ட்ரெபிளை 4-க்குக் கொண்டுவாருங்கள். மூன்று, அந்தக் கெபாசிட்டரின் ஒரு காலை வெட்டிவிடுவது. பலரும் செய்வதுதான். ஆனால் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்து, மீட்டரில் அளந்து பார்க்கத் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள்.

மேல்ஸ்தாயி:
ஃபெண்டரையே பேசுகிறீர்கள். இதே கேள்வியை வாக்ஸ் ஏசி30-க்குக் கேட்டால் உங்கள் இரண்டு பேர் பதிலும் தோற்கும். நான்கு இஎல்84 பவர் வால்வு, நெகடிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிக் கரகரப்பைக் குறைக்கும் அமைப்பு) கிடையாது. ஃபீட்பேக் உள்ள டீலக்ஸ் கடைசிவரை சுத்தமாக நின்று திடீரென்று உடையும், ஏசி30 கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டே போகும். அதற்கு ஓவர்டிரைவ் பெடலே தேவையில்லை, மேல் அலைகளைத் தூக்கும் ட்ரெபிள் பூஸ்டர் போதும். அந்த வகையில் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், ஓசி44. உள்நுழைவில் 0.005 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். டையோடு எதுவும் இல்லை. கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் இதையும் ஏசி30-ஐயும் சேர்த்து வைத்தார். குயீன் குழுவின் பிரையன் மே இதே வகை பூஸ்டரை ஏசி30-இன் நார்மல் சேனலில் செருகுகிறார். மங்கலான சேனலுக்குக் கூர்மையான பூஸ்டர், இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

டீலக்ஸும் உடைகிற விளிம்பில் நின்றால் பூஸ்டர் ஏன் போதாது?

ஈயப்பற்று:
தத்துவம் ஒன்றுதான், மேல்ஸ்தாயி. ஆனால் ஸ்ட்ராட், பிரைட் சேனல், ட்ரெபிள் பூஸ்டர் மூன்றும் சேர்ந்தால் காது கிழியும். நார்மல் சேனலில் வேண்டுமானால் முயலலாம்.

வாங்க நினைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய சர்க்யூட்டை அப்படியே பின்பற்றும் ரேஞ்ச்மாஸ்டர் நகல்கள் பிஎன்பி டிரான்சிஸ்டர், பாசிட்டிவ் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே 9 வோல்ட் அடாப்டரில் கிளை பிரித்துக் கொடுத்தால் ஷார்ட் ஆகும். தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் உள்ள சப்ளை வேண்டும், இல்லையென்றால் பேட்டரி. அடுத்தது, கிட்டாருக்கும் பூஸ்டருக்கும் நடுவில் பஃபர் பெடல் இருக்கக்கூடாது. பூஸ்டரின் உள்நுழைவு மின்தடை குறைவு, பிக்கப்போடு நேரடியாகச் சேர்ந்தால்தான் மேல் அலைகள் மென்மையாகும். நடுவில் பஃபர் வந்தால் ஊசியாகக் குத்தும்.

ஆறுதந்தி:
நல்ல விளக்கங்கள், அண்ணா. ஆனால் விளிம்புவரை வால்யூம் ஏற்ற வேண்டும் என்றால் வீட்டில் எப்படி? 22 வாட் டியூப் ஆம்ப் 5-இல் சுவரை அதிரவைக்கும். கிளோன் வகைப் பெடல் வைத்தால் தாழ்ந்த வால்யூமிலேயே அந்த உணர்வு வரும் என்கிறார்களே?

செம்புச்சுருள்:
கிளோன் சென்டார் 1994-இல் வந்தது. ஜெர்மானியம் டையோடு, உள்ளேயே 9 வோல்ட்டை 18 ஆக்கும் சார்ஜ் பம்ப், கெயின் குமிழை இறக்க இறக்கச் சுத்தமான சிக்னல் அதிகம் கலக்கும் அமைப்பு. மெதுவாக மீட்டினால் தெளிய வேண்டும் என்ற உங்கள் தேவைக்கு டிஎஸ்9-ஐவிட இது நெருக்கம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் இதிலும் நடுப்பகுதி உயரும். 'டிரான்ஸ்பரன்ட்' என்று விற்கிறார்கள், கேட்டால் அப்படி இல்லை. இதுவும் ஆம்பைத் தள்ளுவதற்கான பெடல், ஆம்ப் தூங்கினால் இதற்கும் பாதி வேலைதான்.

ஒன்று முக்கியம்: இந்த வகைப் பெடலுக்கு வெளியிலிருந்து 18 வோல்ட் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சார்ஜ் பம்ப் ஐசி 10 வோல்ட் அளவுவரைதான் தாங்கும், அதற்கு மேல் போனால் எரிந்துவிடும். 9 வோல்ட், நடுமுனை நெகடிவ், அவ்வளவுதான்.

ஈயப்பற்று:
வீட்டுக்கு அட்டென்யூவேட்டர், ஆம்பின் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வரும். 8 ஓம், 50 வாட் தாங்குவதாகப் பாருங்கள், 22 வாட் ஆம்பை முழுதாகத் திறந்தால் 22-க்கு மேலும் வரும். ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும், கிட்டார் கேபிள் சூடாகி அறுந்தால் ஆம்ப் லோடு இல்லாமல் ஓடி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அளவாகக் குறைத்தால் நல்லது. பேசும் சத்தத்துக்குக் கீழே இறக்கினால் ஸ்பீக்கர் அசைவே இல்லாமல் ஒலி செத்துவிடும்.

வாங்கும் முன் ஒருநாள் இப்படிச் செய்துபாருங்கள். பெடல் இல்லாமல் பாஸ் 3, ட்ரெபிள் 4. வால்யூமை மெல்ல ஏற்றி, பலமாக அடித்தால் மட்டும் ஓரம் உடைகிற இடத்தில் நிறுத்துங்கள், 4-க்கும் 5-க்கும் நடுவில் வரும். கடையில் பெடலைச் சோதிக்கும்போதும் இதே இடத்தில் வையுங்கள். டிரைவை அடியில் வைத்து, பெடல் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் சமமாக இருக்கும்படி லெவலைப் பொருத்துங்கள். சத்தம் கூடின பெடல் எதுவானாலும் காதுக்கு நல்லதாகத் தோன்றும், சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் ஏமாறுவோம். அதன் பிறகு லெவலை ஏற்றுங்கள். ஏற்ற ஏற்ற ஆம்ப் தடித்தால் பெடலும் ஆம்பும் சேர்ந்து வேலை செய்கின்றன. வெறும் சத்தம் மட்டும் கூடினால் ஆம்ப் இன்னும் விளிம்புக்கு வரவில்லை. கடைசியில்தான் டிரைவைத் தொட வேண்டும்.

ஆறுதந்தி:
அப்படியானால் வால்யூம் 3-லேயே இருப்பேன் என்றால் பிடி-2 அல்லது புளூஸ்பிரேக்கர் வகை, 5-க்கு ஏற்றுவேன் என்றால் டிஎஸ்9 அல்லது கிளோன் வகை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஈயப்பற்று:
ஆமாம். புளூஸ்பிரேக்கர் வகையில் மட்டும் ஓர் எச்சரிக்கை: முதல் மார்ஷல் பெடலுக்கு அவுட்புட் குறைவு, லீடுக்குச் சத்தம் எழும்பாது. பின்னால் வந்த நகல்களில் இதைச் சரிசெய்திருக்கிறார்கள், லெவலை உச்சிக்கு ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.

டிஎஸ்9 எடுத்து நடுப்பகுதி மூக்கில் பேசுவதாகத் தோன்றினால், அந்த 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 0.1 ஆக மாற்றுங்கள். 720 ஹெர்ட்ஸ் 340-க்கு இறங்கும், மேடு அகலமாகி உங்கள் ஆம்பின் பள்ளத்தையும் தொடும். 9 வோல்ட் பெடல் என்பதால் சால்டரிங் தெரிந்தவர் வீட்டிலேயே அரை மணியில் செய்துவிடலாம். 0.22 போடாதீர்கள். 154 ஹெர்ட்ஸ்வரை இறங்கி, தடித்த தந்திகள் குழையும்.

செம்புச்சுருள்:
0.1 மாற்றத்தை நானும் சொல்லியிருப்பேன். ஆனால் எந்தப் பெடலையும் தனி அறையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், ஆறுதந்தி. தனியாகக் கேட்டால் பிடி-2 எப்போதும் ஜெயிக்கும், அகலமாக, அழகாக இருக்கும். டிரம்ஸும் பாஸும் ஓடும்போது இரண்டையும் மாற்றி மாற்றி மிதியுங்கள். எந்தப் பெடலில் லீடு மேலே மிதக்கிறதோ அதை எடுங்கள்.