மறு: வென்டிலேஷன் – 'காற்றோட்டம்' போதவில்லை

நண்பர்களே, வணக்கம்.

வென்டிலேஷனுக்குப் புதிய தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் எழுந்த 'காற்றோட்டம் என்று நல்ல சொல் இருக்கிறதே, புதிது எதற்கு?' என்ற கேள்விக்கு நான் நேரில் பார்த்ததையே பதிலாகச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெட்ரோல் கட்டரை வைத்துக் கான்கிரீட் தரையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். 'காற்றோட்டம் அவசியம்' என்று பலகை இருந்தது. மேஸ்திரி அதை மதித்து ஒரு பெரிய ஃபேனை ஓடவிட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி, ஒருவருக்கு வாந்தி. புழுக்கத்தால் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

மேஸ்திரி மீது தவறில்லை. காற்று ஓடத்தான் செய்தது. ஆனால் அதே காற்று, கட்டரின் பெட்ரோல் இஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடோடு சேர்ந்து, உள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடியது. கார்பன் மோனாக்சைடின் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி 29. அதனால் அது கீழேயும் தங்காது, மேலேயும் ஏறிவிடாது, எங்கும் கலந்து நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றும். ஒரு நாள் வேலைக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) பரிந்துரைக்கும் சராசரி வரம்பு பத்து லட்சத்தில் 35 பங்கு. 1200 பங்கு என்றால் உடனடி உயிராபத்து. கதவு, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும் என்று நம்பக் கூடாது என்றும் அதே நிறுவனம் எச்சரித்திருக்கிறது.

'காற்றூட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் ஊட்டுவதை மட்டும் சொல்கிறது. தண்ணீருக்குள் காற்றைச் செலுத்துவதற்கும் அதையே சொல்கிறோம்.

என் முன்மொழிவு: காற்றுமாற்று. தொட்டித் தண்ணீரை மாற்று என்றால் பழையதைக் கொட்டாமல் யாரும் புதியதை ஊற்றுவதில்லை. அந்தப் புரிதல் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கணக்குக்கும் ஒத்துவரும்: அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு மணிக்கு 6 முறை உள்ளே வந்தால் 'மணிக்கு 6 காற்றுமாற்று'. பலகையிலும் 'காற்றுமாற்று இல்லாமல் உள்ளே இறங்காதே' என்று எழுதலாம். ஆனால் அதற்கு மேல் வரியில் 'பெட்ரோல் இஞ்சினை உள்ளே கொண்டுவராதே, மின்சாரக் கருவியைப் பயன்படுத்து' என்பது இருந்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், 'விஷவாயு' என்ற சொல்லையும் இங்கே தவிர்க்கலாம். அதைக் கேட்டதும் சாக்கடை நாற்றம்தான் நினைவுக்கு வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே கிடையாது. மூக்கை நம்பி நிற்பவருக்கு ஆபத்து. அதன் பெயரையே எழுதுவோம்.

இன்னொன்று பாக்கி. புகை பிறக்கும் வாயிலேயே குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விடும் முறைக்கு 'பிறப்பிட உறிஞ்சல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மேஸ்திரி வாயில் இது நுழையுமா என்று சந்தேகமாக இருக்கிறது. 'வாயிழுப்பு' சரியாக வருமா? தளத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.