மகளுக்கு ஒமெப்ரசோல் கேட்கவில்லை, மரபணு முடிவு கையில் இருக்கிறது: அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா?

மகளுக்கு 9 வயது, எடை 26 கிலோ. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் அமிலப் புண் தெரிந்தது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து 20 மி.கி., தினமும் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். இரண்டு மாதம் தாண்டியும் மருந்து கேட்கவில்லை. பகலில் பரவாயில்லை. படுத்தால்தான் நெஞ்செரிச்சல், இருமல், வாயில் புளிப்புத் தண்ணீர். நடுராத்திரியில் எழுந்து, தலையணையைச் சுவரில் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். பார்க்கத் தாங்கவில்லை.

தலைமாட்டை உயர்த்தினோம். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கிறோம். மருந்து ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. அப்புறம் மரபணுப் பரிசோதனை செய்தோம். இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை உருவாக்கும் சிஒய்பி2சி19 (CYP2C19) மரபணுவின் இரண்டு பிரதியிலும் *17 என்ற மாறுபாடு. அதாவது, கல்லீரல் இந்த மருந்தை மிக வேகமாகச் சிதைத்துவிடுகிறது. அமிலத்தை அடக்கும் அளவுக்கு ரத்தத்தில் தங்குவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஆரம்ப அளவையே 50 முதல் 100 சதவீதம் கூட்டச் சொல்கிறது மரபணு முடிவை வைத்து மருந்தளவு சொல்லும் சிபிஐசி (CPIC) அமைப்பின் 2020 வழிகாட்டுதல். இதே வகை மருந்தான ரபெப்ரசோல் இந்த நொதியை அந்த அளவுக்குச் சார்ந்ததில்லை என்பதால் அதுவும் ஒரு வழி. இரண்டில் எதைக் கேட்பது என்றுதான் குழப்பம். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம்.

இதே முடிவு வந்த பிள்ளைகளுக்கு உங்கள் மருத்துவர் ஒமெப்ரசோல் அளவைக் கூட்டினாரா, ரபெப்ரசோலுக்கு மாற்றினாரா, எதில் ராத்திரித் தொந்தரவு நின்றது?