டெனே மொழிகளின் நான்கு ஒட்டுகளுக்கு ஒரு பெயர்: ‘இணைதிறன் ஒட்டு’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வட அமெரிக்கப் பழங்குடி மொழிக்குடும்பமான டெனே மொழிகளின் தொடரியலையும் அதன் வரலாற்று மாற்றத்தையும் ஆராயும் கருத்தரங்கக் கட்டுரைகளைத் தமிழில் அறிமுகம் செய்வதற்கான சொற்பட்டியலில், ‘கிளாசிஃபையர்’ (சொல்லுக்குச் சொல் ‘வகைப்படுத்துவது’; வினையடிக்கு முன்னால் வரும் ஒருவகை ஒட்டுக்கு ஆங்கில நூல்கள் இட்ட பெயர்) என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று வாரமாக நிற்கிறோம். இதுவரை வந்த முன்மொழிவுகள் மூன்று: ‘வகையொட்டு’, ‘வகுத்தி’, ‘இயக்கொட்டு’. மூன்றையும் நான் ஏன் ஏற்கத் தயங்குகிறேன் என்பதையும், அவற்றுக்கு மாற்றாக ‘இணைதிறன் ஒட்டு’ என்பதை ஏன் முன்வைக்கிறேன் என்பதையும் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

முதலில், குடும்பத்தின் பெயர் குறித்து ஒரு சொல். பட்டியலின் தலைப்பில் ‘அத்தபாஸ்கன்’ என்றிருப்பதை ‘டெனே’ என்று மாற்றி, பழைய பெயரை ஒப்புநோக்கு இடத்தில் மட்டும் வைக்கலாம். 1836இல் ஆல்பர்ட் கலட்டின் இக்குடும்பத்துக்கு இட்ட பெயர், கனடாவின் அத்தபாஸ்கா ஏரியின் பெயரிலிருந்து வந்தது. அதுவும் கிரீ என்னும் வேறொரு குடும்பத்து மொழியின் சொல். அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும், பசிபிக் கரையோரத்திலும், அமெரிக்கத் தென்மேற்கிலும் பரவிக் கிடக்கும் இம்மொழியினர் பலர் தம்மைச் சுட்டும் சொல் ‘டெனே’, பொருள் ‘மக்கள்’. இக்குடும்பத்தைச் சேர்ந்த, அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ மொழியில் அதுவே ‘டினே’. இம்மொழிகளுக்கான ஆண்டுக் கருத்தரங்கும் 2012இல் தன் பெயரை ‘டெனே மொழிகள் கருத்தரங்கு’ என மாற்றிக்கொண்டது. பொருந்தாத பெயரை அத்துறையினரே கைவிட்டிருக்கும்போது, பொருந்தாத இன்னொரு பெயரை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் குடியேற்றுவது சரியா என்பதே என் அடிப்படைக் கேள்வி.

டெனே வினைச்சொல்லில் வினையடிக்கு ஒட்டி முன்னால் ஓர் இடம் உண்டு. அதில் நான்கில் ஒன்று வரும்: ஒலியற்ற வெற்றொட்டு, ‘ஃல்’, ‘ட்’, ‘ல்’. (காற்றை மட்டும் விட்டு ஒலிக்கும் லகரத்தை இங்கே ‘ஃல்’ என்று எழுதுகிறேன்; குரலின் ஏற்ற இறக்க வேறுபாடுகளைக் காட்டவில்லை.) நவஹோவில் ‘யிபேஷ்’ என்றால் ‘அது கொதிக்கிறது’, ‘யிஃல்பேஷ்’ என்றால் ‘அவர் அதைக் கொதிக்க வைக்கிறார்’. நம் மொழியில் தண்ணீர் காய்கிறது, தண்ணீரைக் காய்ச்சுகிறாள் என்பது போல. ‘யிஸேஸ்’ என்றால் ‘அவர் அதைத் தீயில் வாட்டுகிறார்’. ‘ட்’ சேர்ந்து அடியின் முதல் மெய்யோடு கலக்கும்போது ‘யிடேஸ்’ ஆகிறது, பொருள் ‘அது வாட்டப்படுகிறது’. ‘நேயிஃல்ட்ஸாஹ்’ என்பது ‘அவர் அதை உலர்த்துகிறார்’. ‘நால்ட்ஸாஹ்’ என்பது ‘அது உலர்த்தப்படுகிறது’.

இந்த நான்கில் எதுவும் நவஹோவில் எதையும் வகைப்படுத்தவில்லை. உறவு மொழியான டிலிங்கிட்டில் இவற்றுக்கு இணையான ஒட்டுகள் சில வினைகளில் பொருளின் உருவத்தைக் குறிப்பதுண்டு. அந்த அளவில் பெயருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. டெனேக்கு வந்தால் அந்த நியாயமும் இல்லை. இன்னும் மோசமான குழப்பம் ஒன்று உள்ளது. நவஹோவில் உண்மையாகவே வகைப்படுத்தும் உறுப்பு வேறெங்கோ, வினையடியிலேயே இருக்கிறது. ‘கொடு’ என்று கேட்கும்போது வைக்கோலைக் கேட்பவர் ஓர் அடியையும், சிகரெட்டைக் கேட்பவர் வேறோர் அடியையும் ஆள வேண்டும். உருண்டு திரண்டது, நீண்டு விறைத்தது, தட்டையாய் மடங்குவது, திறந்த கலத்தில் இருப்பது என்று ஏறக்குறைய 11 வகைகள். இவற்றை ‘வகைப்பாட்டு வினைகள்’ என்று ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டோம், சரியாகவே. இவற்றின் பக்கத்திலேயே ‘வகையொட்டு’ என்ற சொல்லும் நின்றால், இந்த ஒட்டுதான் அந்த வகைப்பாட்டைச் செய்கிறது என்று தமிழ் வாசகர் எண்ணுவது உறுதி. நானே முதன்முதலில் அப்படித்தான் படித்தேன். திருத்திக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. ‘வகுத்தி’ கணக்கில் வேலை பார்க்கும் சொல், அதை விட்டுவிடலாம்.

‘இயக்கொட்டு’ நன்கு சிந்தித்து வந்த சொல். தமிழ் வினைகளை ‘இயங்குவினை’, ‘இயக்குவினை’ எனப் பகுத்த பேராசிரியர் கு. பரமசிவத்தின் வழியில் பிறந்தது என்பதால் அதன்மேல் எனக்குப் பற்றும் உண்டு. ‘உடைகிறது’, ‘உடைக்கிறான்’ என்ற இணையையும் ‘யிபேஷ்’, ‘யிஃல்பேஷ்’ என்ற இணையையும் அருகருகே வைத்தால் அம்முன்மொழிவின் அழகு விளங்கும். ஆனால் அது நான்கில் ஒன்றாகிய ‘ஃல்’ ஒட்டுக்கு மட்டுமே பொருந்துகிறது. ‘யிடேஸ்’ என்பதில் உள்ள ‘ட்’ எதையும் இயக்கவில்லை. மாறாக, செய்பவரை வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ‘இணைதிறன்’ கைகொடுக்கிறது. ஒரு வினை எத்தனை பெயர்களைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் என்பதைக் குறிக்க, வேதியியலின் சொல்லை மொழியியலுக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு மொழியியலாளர் லூசியன் டெனியேர். அவர் மறைவுக்குப் பின் 1959இல் வெளிவந்த நூலால் அது பரவியது. வேதியியலில் நாம் பள்ளியிலிருந்தே ‘இணைதிறன்’ என்று படித்ததை எடுத்தாள்வது, மூலத்தில் நடந்த அதே நகர்வைத் தமிழில் செய்வதாகும். (இலங்கைப் பாடநூல்களில் இது ‘வலுவளவு’, பட்டியலில் அதையும் இணையாகக் காட்டுவோம்.) ‘ஃல்’ ஒரு பெயரைக் கூட்டுகிறது. ‘ட்’ ஒரு பெயரைக் கழிக்கிறது. செயப்பாட்டுவினைக்கும் தன்னைத்தான் செய்வதைக் குறிக்கும் வினைக்கும் அதுவே வருவதன் காரணம் இதுதான். ‘ல்’ என்பதோ, ‘ட்’, ‘ஃல்’ இரண்டும் சேர்ந்து திரிந்தது என்பது வரலாற்று மீட்டுருவாக்கத்தின் முடிவு. மைக்கேல் கிராஸ் 1969இல் டெனே, அதன் உறவு மொழிகளான ஐயாக், டிலிங்கிட் மூன்றையும் ஒப்பிட்டு இந்த உறுப்புகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உலர்த்துபவரைக் கூட்டி, பிறகு கழித்தால் கிடைப்பது ‘உலர்த்தப்படுகிறது’. பொருளும் வரலாறும் இவ்வளவு நேராகப் பொருந்தி வரும் இடம் அரிது.

தொடரியல் கோட்பாட்டினர்க்கும் இப்பெயர் உதவும். டெனே முன்னொட்டுகளின் வரிசை காரணமற்ற வார்ப்புச்சட்டமா, பொருளின் ஆட்சிப்பரப்பால் (எந்த ஒட்டின் பொருள் எதைத் தழுவுகிறது என்பதால்) அமைவதா என்ற வழக்கில், மொழியியலாளர் கெரன் ரைஸ் 2000ஆம் ஆண்டு நூலில் இரண்டாவது கட்சிக்கு வாதிட்டார். இணைதிறன் உறுப்பு அடிக்கு மிக அருகில் இருப்பது அந்த வாதத்துக்கு இயல்பாக ஒத்துவருகிறது. நம் ‘உலர்த்துகிறாள்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: அடி, அதையொட்டி ‘த்து’, பிறகு காலம், கடைசியில் ‘ஆள்’. நவஹோவில் இதன் கண்ணாடிப் பிம்பம்: தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் காட்டும் ஒட்டு வெளியே, இணைதிறன் ஒட்டு உள்ளே, இறுதியில் அடி. ‘நான் அதைக் கொதிக்க வைக்கிறேன்’ என்பது ‘யிஷ்பேஷ்’. தன்மை ஒருமை காட்டும் ‘ஷ்’ வந்ததும் அடுத்திருந்த ‘ஃல்’ மறைந்துவிடுகிறது, ஆனால் அதன் வேலை மறையவில்லை. தமிழைப் போலவே வினையை இறுதியில் வைக்கும் மொழி, ஒட்டுகளை மட்டும் முன்னால் அடுக்குவது எப்படி வந்தது என்பது மாற்றத்தை ஆராய்பவர்களின் பெரிய கேள்வி.

சென்ற மடலில் நண்பர் எழுப்பிய தடையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘அஃல்ஹோஷ்’ என்றால் ‘அவர் தூங்குகிறார்’; அங்கே ‘ஃல்’ இருக்கிறது, ஆனால் கூட்டப்பட்ட பெயர் எதுவும் இல்லை. இத்தகைய வினைகள் சிலவல்ல, பல. அப்படியானால் ‘இணைதிறன்’ என்ற பெயரும் பொய்யாகாதா? தமிழையே சான்றுக்கு அழைக்கிறேன். ‘உடைக்கிறான்’ என்பதில் இயக்குவினையைக் காட்டும் அதே ‘க்கிற்’, ‘நடக்கிறான்’, ‘சிரிக்கிறாள்’, ‘பறக்கிறது’ என்பவற்றில் எதையும் இயக்காமல் அடியோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. ஒட்டு அடியோடு உறைந்துபோவது மொழிமாற்றத்தின் இயல்பான நிலை. உறையாத இடங்களில் அது செய்யும் வேலையைக் கொண்டே பெயரிட வேண்டும். தலைமை பற்றியும் பன்மை (பெரும்பான்மை) பற்றியும் பெயரிடுவது நம் உரையாசிரியர்கள் அறிந்த நெறிதானே.

எனவே பட்டியலில் இவ்வாறு பதியலாம் எனக் கருதுகிறேன்: “இணைதிறன் ஒட்டு: டெனே மொழிகளில் வினையடிக்கு நேர்முன்னால் நின்று, வினை ஏற்கும் பெயர்களைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் ஒட்டு, பல வினைகளில் அடியோடு உறைந்து பொருளிழந்து நிற்கும். ‘கிளாசிஃபையர்’ என்று பழைய நூல்களில் வழங்குவது. ‘வகைப்பாட்டு வினை’ என்பதனின்று வேறு.”

‘முன்னொட்டு’ என்று முழுதாகச் சொல்ல வேண்டுமா, ‘ஒட்டு’ போதுமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. ‘உலர்த்து’ என்பதன் ‘த்து’வையும் ஒரே பெயரால் சுட்டி ஒப்பிட ‘ஒட்டு’ இடம் தரும் என்பதால் அப்பக்கம் சாய்கிறேன். மாற்றுக் கருத்துடையோர், ‘யிடேஸ்’, ‘அஃல்ஹோஷ்’ இரண்டுக்கும் தம் சொல் எப்படிப் பொருந்துகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றியுடையேன்.

அன்புடன்.