ஹெவி மெட்டல் குழுக்கள் எடுத்த மிக மோசமான முடிவு எது?

பெரம்பூர்வாசி:
பர்மா பஜாரில் வாங்கிய கேசட் தேயும்வரை மெட்டல் என்ற அதிரடி ராக் இசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட குழு என்றால், உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது?

அடையாறு அண்ணன்:
சந்தேகமே இல்லாமல் செல்டிக் ஃப்ராஸ்ட்தான். கரடுமுரடான, இருண்ட ஒலியால் பிற்காலத்தில் பிளாக் மெட்டல் என்ற இன்னும் இருண்ட மெட்டல் வகைக்கே வழிகாட்டிய அந்த சுவிஸ் குழு, 1988இல் ‘கோல்ட் லேக்’ ஆல்பத்துக்காகத் தலைமுடியை உப்பவைத்துக்கொண்டு பகட்டான ‘கிளாம்’ ராக் வேடம் பூண்டது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பாடகர் டாம் வாரியரே பின்னாளில் அதைத் தன் ஆல்பமாகச் சொல்லிக்கொள்ளக் கூசினார்.

மந்தைவெளி ரசிகை:
என் கணக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா, இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் சேவை மீது தொடுத்த வழக்கு. பாட்டு அவர்களுடையது, ஆகவே நியாயமும் இருந்தது. ஆனால் பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பயனர் பெயர்களை அச்சிட்டு, பெட்டி பெட்டியாக டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கே நாப்ஸ்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்த காட்சிதான் ரசிகர்களைப் புண்படுத்தியது. 1982இல் இவர்களுடைய டெமோ (மாதிரிப் பதிவு) பரவியதே, ரசிகர்கள் கேசட்டைப் பிரதியெடுத்துக் கைமாற்றியதால்தான்!

பெரம்பூர்வாசி:
உண்மைதான் அக்கா. ஆனாலும் 2011இல் அவர்கள் பெங்களூருக்கு வந்தபோது, அந்தக் கோபத்தையெல்லாம் மறந்து சென்ட்ரலில் ரயிலேறியவர்களில் நானும் ஒருவன்.