நைஹோஃப் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்: 'உயிரியைபு' பொருந்துமா?

ந. எழுதியது:
அன்புடையீர், நெதர்லாந்துக் கவிஞர் மார்டினுஸ் நைஹோஃப் (1894–1953) பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். தி ஹேக் நகரத்துப் பதிப்பாளர் குடும்பத்தில் பிறந்து, சட்டம் பயின்று, 1916இல் முதல் தொகுப்பை வெளியிட்ட வரையில் தடையின்றி எழுதினேன். 1934இல் வந்த 'ஆவாட்டர்' நெடுங்கவிதையில்தான் சிக்கல். சகோதரனை இழந்த ஒருவன் பயணத்துணை நாடி, ஆவாட்டர் என்னும் அலுவலக ஊழியனை நகரெங்கும் பின்தொடர்கிறான். பழைய பிரெஞ்சுக் காப்பியமான ரோலான் பாடலைப் போல, இதன் ஒவ்வொரு பகுதியிலும் அடியிறுதிகள் ஓர் உயிரொலியால் மட்டுமே இணைகின்றன, மெய்கள் மாறுகின்றன. தொடக்க அடிகள் 'ஹேஸ்ட்', 'ஸ்வேஃப்ட்' என முடிவதைக் காண்க. இந்த உத்தியை 'அசோனன்ஸ்' என்றே எழுதிவிடுவதா?

க. எழுதியது:
வேண்டா. இரண்டாம் எழுத்தில் மெய் வேறுபட்டாலும் அதன்மேல் ஏறிய உயிர் ஒன்றினால் அதை உயிரெதுகை என்று நம் யாப்பு நூலார் முன்பே வகுத்துள்ளனர். அடியிறுதியில் அவ்வாறு ஒன்றுவதை உயிரியைபு எனலாம்.

தி. எழுதியது:
இயை என்பதும் இசை என்பதும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. உயிர் பேச்சில் உசிராவதையும், மயக்கை மசக்கையாவதையும் நோக்குக. ஆகவே பொருந்துதல், ஒலித்தல் ஆகிய இரு பொருளையும் தாங்கும் 'உயிரிசைவு' என்பதே செறிவான ஆக்கம்.

ப. எழுதியது:
ஐயா, உயிரிசைவு என்றால் அறுவை சிகிச்சைக்கு முன் கையொப்பமிடும் படிவம் என்றே என் மாணவர்கள் எண்ணுவார்கள். உயிரியைபும் எதுகை வகைகளை மறவாதவர்களுக்கு மட்டுமே விளங்கும். 'உயிரொலி ஒப்பு' என்றால் போதாதா?

க. எழுதியது:
ஒப்பு எங்கும் நிகழலாம், அம்மா. அடியிறுதி என்னும் வரையறை இயைபில்தான் உண்டு.

தி. எழுதியது:
வரையறை வேண்டுமென்றால் முழுமையாக வேண்டும். டச்சு மொழியில் ஒன்றுவது அடியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் பெறும் உயிர். தமிழ்ச் சொல்லில் அத்தகைய அழுத்தம் இல்லை. வந்தான், பார்த்தான், சொன்னான் என்று வினைமுற்றுகளை அடுக்கினாலே நமக்கு இயைபு இலவசமாகக் கிடைத்துவிடும். நைஹோஃப் நெடுகக் காத்த கட்டுப்பாட்டை அந்தச் சொல் மலிவாக்கிவிடும் என்று அஞ்சுகிறேன்.

ந. எழுதியது:
தி. ஐயாவின் தடை நியாயமானது. ஆயினும் அது மொழிபெயர்ப்பாளரின் சிக்கலே தவிரக் கலைச்சொல்லின் குறையன்று. நைஹோஃப் தாமும் மொழிபெயர்ப்பாளர். அவர் பெயரால் 1955 முதல் மொழிபெயர்ப்புக்கே ஒரு பரிசு வழங்கப்படுகிறது. க., ப. இருவரையும் தழுவி, 'உயிரியைபு, அதாவது அடியிறுதியில் உயிரொலி மட்டும் ஒன்றுதல்' என எழுதி அனுப்புகிறேன்.

ப. எழுதியது:
விளக்கம் உடன் வருவதால் ஒப்புகிறேன்.

தி. எழுதியது:
நான் ஒப்பவில்லை. அழுத்தத்தைச் சுட்டாத விளக்கம் டச்சு யாப்புக்குப் பொருந்தாது. உயிரிசைவை அடைப்புக்குறிக்குள்ளேனும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.