ஏக்கர்க் கணக்கு பிளேட் கோப்பில் இருக்கலாமா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
வணக்கம். எங்கள் கமக்காரர் அமைப்புக்காக லாரவெலில் (பிஎச்பி மொழிக்கான வலைச்செயலிச் சட்டகம்) ஒரு வலைச்செயலி எழுதி வருகிறேன். சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது என்பதால், ஒவ்வொருவரும் தமது காணியில் எத்தனை பங்கு விதைக்கலாம் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அந்தப் பங்கைக் கொண்டு ஏக்கரைக் கணக்கிடும் வரியைப் பட்டியலுக்குரிய பிளேட் கோப்பிலேயே (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புரு) எழுதி, அறிவித்தல் பலகைக்கான அச்சுப் பிரதியிலும் குறுஞ்செய்தியிலும் அதையே திரும்ப ஒட்டியிருந்தேன். பங்கு அரைவாசியிலிருந்து மூன்றிலொன்றாகக் குறைந்தபோது குறுஞ்செய்தியை மாற்றத் தவறிவிட்டேன். இரண்டரை ஏக்கர் உள்ள ஓர் ஐயாவுக்குப் பலகையில் 0.83, தொலைபேசியில் 1.25. அவர் தொலைபேசியை நம்பி உழுதுவிட்டார். கணக்கை வெளியே எடுக்க வேண்டும் என்பது விளங்குகிறது. ஆனால் எல்லை எங்கே? பிளேட்டில் ஓர் 'இஃப்' (நிபந்தனை வரி) கூட இருக்கக் கூடாதா?

பாலைநிழல் (வவுனியா):
தம்பி, 'இஃப்' இருப்பது பிழையில்லை, அது எதைத் தீர்மானிக்கிறது என்பதே கேள்வி. நாளை திரையே இல்லாமல் குறுஞ்செய்தி மட்டும் போனாலும் அந்தத் தீர்மானம் தேவைப்படுமா என்று பாருங்கள். தேவைப்பட்டால் அது செயலியின் தர்க்கம். ஏக்கர்க் கணக்கு அப்படிப்பட்டது. பணம் கட்டாதவரின் வரியைச் சிவப்பாகக் காட்டுவது தோற்றம், ஆகவே பிளேட்டிலேயே இருக்கட்டும். ஆனால் யார் 'கட்டாதவர்' என்பதை அங்கே தீர்மானிக்காதீர்கள். கணக்கைக் கொன்ட்ரோலருக்கு (கோரிக்கையைப் பெற்று, தரவை எடுத்துப் பிளேட்டுக்குக் கொடுக்கும் பகுதி) மாற்றினாலும் போதாது, ஏனெனில் குறுஞ்செய்தி வேறு வழியால் போகிறது. தனி வகுப்பு (கிளாஸ்) ஒன்றில் வைத்து மூன்று இடங்களிலிருந்தும் அதையே அழையுங்கள்.

நந்திக்கடல் (முல்லைத்தீவு):
பிளேட்டுக்குள் பிஎச்பி நிரல் எதையும் எழுத முடிவதால் கட்டுப்பாடு எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது. பைதன் மொழிச் சட்டகமான ஜாங்கோவின் வார்ப்புருவில் செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) மதிப்பு கொடுத்து அழைக்கவே முடியாது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் கொன்ட்ரோலர் என்பதை ஜாங்கோ 'வியூ' என்கிறது, புதியவர்கள் இதில் குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். 1979இல் ட்ரிக்வே ரீன்ஸ்காக் என்ற கணினியியலாளர் ஸ்மோல்டோக் மொழிக்காக 'மொடல், வியூ, கொன்ட்ரோலர்' என்ற இந்தப் பிரிவை வகுத்தபோது வலைத்தளமே இருக்கவில்லை, ஆகவே பெயர்களைவிடப் பொறுப்பைப் பாருங்கள். இன்னொன்று: சுற்றுக்குள் (லூப்) ஒவ்வொரு கமக்காரரின் காணியையும் பிளேட் தேடினால், பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என 240 பேருக்கு 241 தடவை தரவுத்தளத்துக்குப் போகும். கொன்ட்ரோலரிலேயே லாரவெலின் 'வித்' கட்டளையைக் கொண்டு எல்லாக் காணிகளையும் முன்கூட்டி எடுத்துவிடுங்கள்.

குளக்கட்டு:
மிக்க நன்றி அண்ணாமாரே. இரண்டு தசமத்துக்கு மட்டந்தட்டுவது தோற்றந்தானே?

பாலைநிழல்:
இல்லை, அங்கேதான் கவனம் வேண்டும். இரண்டரை ஏக்கர்க்காரர் மூவர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் 0.83 என்று காட்டிவிட்டு மொத்தத்தை 2.50 என்று காட்டுவீர்கள்; பலகையின் முன் நின்று கூட்டிப் பார்ப்பவருக்கு 2.49 வரும், பிறகு பட்டியலையே நம்பமாட்டார். எத்தனை தசமம், மிச்சம் யாருக்கு என்பதைக் கூட்டத்திடம் கேட்டு, அந்த வகுப்புக்குள்ளேயே எழுதுங்கள். 'ஏக்கர்' என்ற சொல்லை எண்ணுக்கு முன்னே போடுவதா பின்னே போடுவதா என்பதை மட்டும் பிளேட்டுக்கு விடுங்கள்.