பிடரி முடி காலரைத் தொட்டுவிட்டது, இனி என்ன செய்ய?

கப்பலூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநங்கை, வயது 28. மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை, ஆறு வருடமாக அங்கேதான். ஹார்மோன் ஆரம்பித்து 10 மாதம். அதற்கு நாலு மாதம் முன்பே முடி வெட்டுவதை நிறுத்திவிட்டேன். அதுவரை மெஷின் போட்ட தலை. நேற்று உச்சி முடியை இழுத்துப் பிடித்து ஸ்கேலில் அளந்தேன், 16 சென்டிமீட்டர். அளப்பதுதான் எனக்குப் பிழைப்பு, வெர்னியர் வைக்காமல் விட்டதே பெரிசு.

கம்பெனியில் எச்ஆர் மேடத்துக்கும் மேனேஜருக்கும் மட்டும் விஷயம் தெரியும். ஆவணியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடம் நல்ல மாதிரி. "தீபாவளி கழியட்டும், மெதுவா எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்" என்றார். தீபாவளியும் போய்ப் பொங்கலும் போய்விட்டது. பழைய பெயர், பழைய சட்டை எல்லாம் அப்படியே இருக்க, தலை மட்டும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது இரண்டுங்கெட்டான் நிலை. பக்கத்தில் காதை மூடுகிறது, பின்னால் காலரில் பட்டு வாத்து வால் மாதிரித் தூக்கிக்கொள்கிறது. கம்பெனி பஸ்ஸில் ஆரம்பத்திலேயே கேள்வி வந்தது. சமாளிக்கத் தெரியாமல், பழனிக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவைத்தேன். ஆறு மாதம் அந்தப் பொய் என்னைக் காப்பாற்றியது. இப்போது தைப்பூசம் முடிந்துவிட்டது. "என்ன மாப்ள, முருகன் கூப்பிடலையா?" என்று தினமும் கேட்கிறார்கள்.

அப்புறம் வாசலில் முகம் பார்த்து வருகை போடும் மெஷின். முன்முடி நெற்றியில் விழுந்தால் யாரென்றே அதற்குத் தெரியவில்லை. பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்க, செக்யூரிட்டி அண்ணன் வந்து "முடியை ஒதுக்கிக்கிட்டு நில்லுப்பா" என்கிறார். லேத் பக்கம் போனால் குல்லா போட வேண்டும், அது நியாயமான விதி, சுற்றுகிற சக்கில் முடி மாட்டினால் கதை முடிந்தது. ஆனால் எனக்குக் கொடுத்த ஆண்கள் குல்லாவில் பிடரி முடி அடங்குவதில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். பழைய சலூன் அண்ணனிடம் "ஷேப் மட்டும்" என்று சொன்னால் கிருதாவைச் சதுரமாக வெட்டிப் பிடரியில் மெஷினால் கோடு இழுத்துவிடுகிறார். லேடீஸ் பார்லர் என்றால் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று போர்டு. இரண்டு பார்லர் வாசல் வரை போய், செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்தேன். எங்கே போவது, என்ன கேட்பது? நெற்றியில் இரண்டு மூலையும் ஏறியிருக்கிறது, அதை எப்படி மறைப்பது? சவுரி வைத்து ஒரேயடியாகப் பெண்ணாகப் போய் நின்றுவிடலாமா?

கடைசியாக ஒன்று, இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. 2022-இல் டெங்கு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் பிழைத்தால் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எனக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டது. ஷிஃப்ட்டைக் காரணம் காட்டித் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்தச் சித்திரைக்கு விடமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் பொய்யாகச் சொன்னதற்குச் சாமி வீட்டில் கணக்குத் தீர்க்கிறார்.

வில்லாபுரம் அக்கா:

தங்கச்சி, நான் திருநங்கைதான், 12 வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். முடிக்கதையை மட்டும் நான் சொல்கிறேன், ஆபீஸ் கதையை மற்றவர்கள் சொல்லட்டும்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால். ஹார்மோன் போட்டால் வேகமாக வளரும் என்பதெல்லாம் கதை. உச்சி முடி தோளைத் தொட 30 சென்டிமீட்டராவது வேண்டும். அப்படியென்றால் உனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. இதை முதலில் மனதில் போட்டுக்கொள், கண்ணாடியைப் பார்த்து அழுவது பாதி குறையும்.

எல்லாரும் செய்கிற தப்பு, ஒரு இஞ்ச்கூட வெட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பது. பிடரி முடிக்குக் காலரைத் தொட அதிக தூரம் இல்லை. உச்சி முடி அவ்வளவு தூரம் இறங்கி வர வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து வளரவிட்டால் எண்பதுகளில் பங்க் வைத்துக்கொண்டு திரிந்த பையன்கள் மாதிரிதான் இருக்கும். ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை பிடரியை மட்டும் எடுத்துவிடு, உச்சியையும் பக்கத்தையும் தொடாதே. மேல்முடி இறங்கி வந்து பிடரியை எட்டிப் பிடிக்கும்போது பாப் கட்டிங் தானாக அமையும். மெஷின் வேண்டாம், கத்தரி மட்டும், ஓரம் மெத்தென்று இருக்கட்டும் என்று வாயைத் திறந்து சொல். கிருதாவைச் சதுரமாக வெட்டவே விடாதே. காதுக்கு முன்னால் நாலு முடி மெல்லிசாக இறங்கினால் முகமே மாறும். எனக்கே முதலில் முகம் மாறியது அந்த நாலு முடியால்தான்.

மூலை ஏறியதற்கு வகிட்டை மாற்று. நடு வகிடு இப்போது வேண்டாம். ஒரு பக்கமாகக் கோணல் வகிடு எடுத்து, முன்முடியை மூக்கு நுனி அளவுக்கு வெட்டிச் சாய்த்து விடு. ஹார்மோன் சாப்பிட்டால் கொட்டுவது பெரும்பாலும் நிற்கும், சிலருக்கு ஓரத்தில் பூனைமுடி மாதிரி முளைக்கும், வெகுநாள் முன்பு போனது முழுக்கத் திரும்பாது. மினாக்ஸிடில் என்று தலையில் தடவுகிற முடி மருந்து போடுவதானால் தோல் டாக்டரைக் கேட்டுப் போடு. முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும், பயந்து பாதியில் விட்டுவிடாதே.

சவுரி இப்போது வேண்டவே வேண்டாம். அதன் பாரம் முழுக்க உன் குட்டை முடியில் தொங்கும். தினமும் இறுக்கிக் கட்டினால் முன்மூலை இன்னும் மேலே ஏறும். கல்யாணம் காட்சிக்கு ஒரு நாள் வைக்கலாம்.

பார்லருக்கு முதலில் போன் பண்ணு. "நான் திருநங்கை, முடி வளர்க்கிறேன், டிரிம் பண்ணணும், எப்ப வரலாம்?" என்று கேள். இவ்வளவு போதும். மாட்டேன் என்பவர்கள் போனிலேயே சொல்லிவிடுவார்கள், செருப்பு தேயாது. செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கடைகளில் ஈ ஓட்டுவோம், அப்போது போ.

பாய்கட்:

ஒரு மாற்றுக்கருத்து. நானும் திருநங்கை, பேங்கில் இருக்கிறேன், என் முடி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியதில்லை. குட்டை முடியோடு எத்தனை பெண்கள் இல்லை? முடி வளர்ந்தால்தான் பெண் என்று நாமே சொல்லிக்கொண்டு ஏன் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்? மொட்டை போட்டுக்கொண்டு மறுநாள் சுடிதாரில் போங்கள். நான் போயிருப்பேன்.

கப்பலூர்க்காரி:

பாய்கட், நீங்கள் சொல்வது தப்பில்லை. ஒன்பதாவது படிக்கும்போது கழுத்து வரை வளர்த்திருந்தேன். மாமா வந்து, மீன் செதில் எடுக்கிற கத்தரியால், திண்ணையில் உட்காரவைத்து வெட்டினார். கவிச்சி வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. எனக்கு முடி வேண்டும், அவ்வளவுதான்.

பாய்கட்:

சரி தோழி. மன்னியுங்கள். வளருங்கள்.

ரெஜிஸ்டர் ராணி:

நான் கே.கே. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். வேலையிடத்திலேயே மாறியவள். முடி வளர்ந்த பிறகு சொல்லலாம் என்று நானும் இருந்தேன், அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். சொல்லாதவரை வளர்கிற முடி ஒவ்வொன்றுக்கும் ஆள் ஆளுக்குக் காரணம் கேட்பார்கள். சொன்ன மறுநாள் அதே முடியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வளரட்டும்டீ, நல்லாத்தான் இருக்கு" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. முடி ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை.

அதனால் மேடத்திடம் பண்டிகை கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு தேதி கேளுங்கள். அந்தத் தேதியில் மூன்று காரியமும் ஒன்றாக நடக்கட்டும்: ஐடி கார்டில் பெயரும் படமும், வருகை மெஷினில் முகப்பதிவு, பெண்கள் செக்‌ஷன் ஸ்டோரிலிருந்து வலை வைத்த குல்லா. குல்லாவுக்கு மட்டும் தேதி வரை காத்திருக்காதீர்கள், பாதுகாப்பு என்று சொல்லி நாளைக்கே வாங்குங்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எந்த மேனேஜரும் மறுப்புச் சொல்ல மாட்டார்.

யாராவது முறைத்தால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், எந்த நிறுவனமும் வேலையில் நமக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. புகார் கேட்க ஒரு அதிகாரியை நியமித்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் பெரியவர் ஐடி கார்டுக்கு முரண்டு பிடித்தபோது நான் வேறொன்றைச் சொன்னேன். அதே 2019-இல் நம்ம ஊர் ஹைகோர்ட் கிளை, தூத்துக்குடி ஜோடி ஒன்றின் வழக்கில், மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் வருவார் என்று தீர்ப்புக் கொடுத்தது. "கல்யாணமே பதியலாம் சார், கார்டுல ஒரு போட்டோ மாத்தக் கூடாதா?" என்றேன். சிரித்துவிட்டார். மறுநாள் கார்டு வந்தது.

வில்லாபுரம் அக்கா:

மொட்டை விஷயத்தை மறந்துவிட்டேன் பார். பெண்பிள்ளைகள் எல்லாருமா மொட்டை போடுகிறார்கள்? நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் வேண்டுதல் தீர்ந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார்.

கப்பலூர்க்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நாலு பார்லருக்குப் போன் பண்ணினேன், மூன்றாவது அக்கா "வாம்மா" என்றார். அந்த "மா"வுக்காகவே கூட ஐம்பது ரூபாய் கொடுத்தேன். பிடரி ஏறிவிட்டது, கிருதா போய்விட்டது, வாத்து வால் இல்லை. குல்லாவும் வாங்கிவிட்டேன்.

அம்மாவிடம் பூமுடி பற்றிச் சொல்ல மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன், அது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. "அழகருக்கு மொட்டை..." என்றதுமே, தலையைத் தூக்காமல், "பொம்பளப் புள்ளைக்குப் பூமுடி போதும்ல, நான் கோயில்ல கேட்டுட்டேன்" என்றது. எப்போது கேட்டது, யாரிடம் கேட்டது, ஒன்றும் தெரியாது. கீரையை என் பக்கம் தள்ளி, நீயும் உருவு என்றது.

மேடம் தேதி கொடுத்துவிட்டார், வருகிற திங்கட்கிழமை. அன்று காலையில் முகத்தைப் புதிதாகப் பதிகிறார்கள். முன்முடியைக் க்ளிப் போட்டு ஒதுக்கிக்கொண்டு நிற்கவா, சாய்த்து விட்டே நிற்கவா?

ரெஜிஸ்டர் ராணி:

க்ளிப் போட்டே நில்லுங்கள். புருவம் ரெண்டும் தெரியணும்.